என் மச்சானை ‘ஐயா’ ஆக்கிய அணு உலைக் கமிட்டி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கையும் இன்னும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறோம். அதற்கு நலம் என்று பெயரானால், நலமே. அங்கே நீங்கள், அக்கா, பிள்ளைகள், அனல்மின் நிலையத்தில் நீங்கள் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்ளும் அந்த டர்பைன், எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். டர்பைனைக் குடும்பத்தோடு சேர்த்து விசாரித்ததற்குக் கோபிக்க மாட்டீர்கள். அதற்குக் காய்ச்சல் வந்தால் உங்களுக்கும் வரும் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

கொஞ்ச நாளாக நான் போன் செய்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. அக்கா எடுத்தால், “அவர் ஷிப்டுல இருக்காருங்க” என்கிறார். காலையில் கூப்பிட்டாலும் ஷிப்ட், மத்தியானம் கூப்பிட்டாலும் ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் ஷிப்ட். இப்படி ஒரு மனிதர் ஓயாமல் வேலை பார்த்தால் மாநிலத்துக்கு அணு உலையே தேவைப்படாது, நீங்கள் ஒருவரே போதும். ஆக, விஷயம் ஷிப்ட் இல்லை, என் மேல் உங்களுக்கு இருக்கிற வருத்தம்தான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் உங்கள் தங்கைக்குத் தெரியாமல், கிளினிக்கில், நோயாளி சாய்ந்துகொள்ளும் நாற்காலியில் நானே சாய்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அது ஏன் காலியாக இருக்கிறது என்ற கதையும் இதற்குள்ளேயே வருகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் சிலர் பேசிக்கொள்வது மாதிரி நான் யார் காலையும் பிடித்து இந்தக் கமிட்டிக்குள் நுழையவில்லை. வாயைத்தான் பிடித்தேன், அதுவும் தொழில் முறையில். எரிசக்தி அமைச்சர் கடைவாய்ப் பல்லில் ஓர் ஓட்டையை அடைத்துக்கொள்ள வந்திருந்தார். வாயைத் திறந்து வைத்திருக்கும் ஆளிடம் கேள்வி கேட்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. அன்றைக்கும் கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்கு, “சார், இந்த நவீன அணு உலைன்னு பேப்பர்ல தினமும் போடுறாங்களே, அது நம்ம மாநிலத்துக்கு வேணுமா வேண்டாமான்னு யாராவது உருப்படியா உட்கார்ந்து படிச்சுப் பார்க்கலாமே” என்று கேட்டது. அமைச்சர் “ஆ” என்றார். “எடுத்தோம் கவிழ்த்தோம்னு பண்ணிடக் கூடாது பாருங்க” என்றேன். “ஆ… ஆங்” என்றார். நான் அதை வலி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் மருந்து வைத்தேன். அவர் கொப்பளித்துவிட்டு எழுந்து, பாதி கன்னம் மரத்துப்போன நிலையில், “நீங்க ஷொன்னதுதான் ஷரி டாக்டர்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தோடு விட்டது என்று நினைத்தேன். அடுத்த வாரம் அரசாணை வந்தது. மேம்பட்ட அணு மின்சாரத்தை நம் மாநிலம் வளர்க்கலாமா என்று ஆராயும் கமிட்டியில் நான் உறுப்பினராம். என் தகுதி என்ற இடத்தில் ‘கதிர்வீச்சுச் சாதனங்களை நீண்டகாலம் கையாண்ட அனுபவமுள்ள பொதுமக்கள் பிரதிநிதி’ என்று போட்டிருந்தது. மச்சான், என்னுடைய கதிர்வீச்சுச் சாதனத்தை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். சுவரில் ஒற்றைக் கையோடு தொங்கும் அந்தப் பல் எக்ஸ்ரே மிஷின்தான் அது. எங்கள் நர்ஸம்மா அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் உயிர் வரும். அந்த அம்மா அரசாணையைப் படித்துவிட்டு ஒரே பூரிப்பாக, “டாக்டர், அந்த ஈயக் கவசத்தை நல்லாத் துடைச்சு வைக்கட்டுமா? அணுவுக்குப் போறீங்க, தூசியா இருக்கு” என்றார்.

பதறிப்போய்த் துறை அதிகாரிக்குப் போன் போட்டேன். “சார், நான் பல் டாக்டருங்க.”

“தெரியுமே டாக்டர், ஆர்டர்லயே இருக்கே.”

“அணுவைப் பத்தி எனக்கு அ, ஆ கூடத் தெரியாதுங்க.”

“அதனாலதான் உங்களைப் பொதுமக்கள் பிரதிநிதியாப் போட்டிருக்கு” என்றார் அவர், மிகவும் பொறுமையாக.

அதற்கு மேல் நான் என்ன பேச? போனேன். ஓர் அரசுக் கட்டடத்தின் மாடியில் நீள மேஜை. மேலே ஒரு ஏசி, அதற்குக் கீழே தண்ணீர் சொட்டுவதைப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. எதிரே அணு இயற்பியல் பேராசிரியை ஒருவர்; அணு உலை என்றாலே அந்த அம்மாளுக்கு முகத்தில் பல்பு எரியும். அவருக்குப் பக்கத்திலேயே ஏரிகளைக் காப்பாற்றப் போராடும் ஓர் அம்மாள். ஏரிக்காரம்மா என்று கமிட்டியில் எல்லோரும் கூப்பிடுவோம். அணு உலை என்றாலே அவருக்கு பியூஸ் போய்விடும். மற்றவர்கள் இந்த இருவருக்குப் பின்னால் பாதிப் பாதியாக அணி பிரிந்திருந்தார்கள். நான் எந்தப் பக்கமும் இல்லாமல், ஏசி சொட்டுகிற பக்கம் மட்டும் இருந்தேன்.

முதல் கூட்டம், இரண்டாம் கூட்டம், மூன்றாம் கூட்டம் மூன்றும் ‘மேம்பட்ட’ என்ற ஒரு சொல்லுக்கே செலவாகிவிட்டன. நீதிபதிக்குச் சொல் சுத்தமாக இருக்க வேண்டும். “மேம்பட்டதுன்னா எதைவிட மேம்பட்டது?” என்றார். பேராசிரியை, “கரண்ட் போனாலும், ஆள் இல்லைன்னாலும் தானாவே அடங்கிடும் சார். சின்னது. தொழிற்சாலையில செஞ்சு லாரியில கொண்டுவந்து இறக்கிடலாம். பழைய உலை மாதிரி இல்ல” என்று ஆரம்பித்தார். உடனே ஏரிக்காரம்மா, “அப்போ பழசு தானா அடங்காதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. இதை மினிட்ஸ்ல எழுதுங்க” என்றார். “நான் அப்படிச் சொல்லல!” “அதையும் எழுதுங்க!” என்று இரண்டு பேரும் நாள் முழுக்க மல்லுக்கு நிற்பார்கள். மாலை மணி அடித்ததும் பேராசிரியை பையை எடுத்துக்கொண்டு, “கிளம்பலாமாடி?” என்பார். ஏரிக்காரம்மா, “இருடி, செருப்பை மாட்டிக்கறேன்” என்பார். இரண்டு பேரும் ஒரே தெரு, ஒரே கார், கல்லூரி விடுதியில் ஒரே அறையாம். எனக்குத்தான் வீட்டுக்கு வந்த பிறகும் தலை கிறுகிறுக்கும்.

நான்காம் கூட்டத்தில்தான் என் ஜாதகம் திரும்பியது. உலை தயாரிக்கும் கம்பெனிக்காரர் ஒருவர் கோட்டும் சூட்டுமாக வந்து மேஜை மேல் ஒரு மாதிரி உலையை வைத்தார். குடம் அளவில், கண்ணாடி மூடி போட்டு, பார்க்க அழகாக இருந்தது. இந்த ரக உலையில் எரிபொருள் கம்பியாக இல்லாமல் உருண்டை உருண்டையாக இருக்குமாம்; அதைக் காட்ட உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் உருண்டைகளைப் போட்டிருந்தார்கள். என் கை சும்மா இருக்குமா? மூடியிருக்கும் எதையும் திறந்து உள்ளே பார்க்கிற கை இது. மூடியை லேசாகத் திருகினேன். கழன்று வந்துவிட்டது. சாய்த்துப் பிடிக்கப் போனேன். அவ்வளவுதான், மாநிலத்தின் அணு எரிபொருள் மொத்தமும் மேஜையில் கொட்டி, தரையில் குதித்து, மூலைக்கு மூலை ஓடிவிட்டது.

பொறுக்கி எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைகிறது. கம்பெனிக்காரர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. நீதிபதி எழுந்து, “கதவைச் சாத்துங்க! யாரும் வெளியே போகக் கூடாது!” என்று கோர்ட்டுக் குரலில் உத்தரவு போட்டார். விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் முழங்காலில் தவழ, நீதிபதி டார்ச் அடிக்க, ஏரிக்காரம்மா மட்டும் நாற்காலியை விட்டு அசையாமல், “ஒரு பிளாஸ்டிக் உருண்டையையே தேடி எடுக்க முடியல. நிஜத்தை ஆயிரக்கணக்கான வருஷம் எங்கே பத்திரமா வைக்கப் போறீங்க?” என்று கேட்டார். மேஜைக்கு அடியிலிருந்து பேராசிரியையின் குரல் மட்டும் வந்தது: “நிஜத்துல பல் டாக்டரைப் பக்கத்துல விட மாட்டாங்கடி!”

தொலைந்த உருண்டை எங்கே இருந்தது தெரியுமா? என் பேண்ட் மடிப்பில். வீட்டுக்கு வந்து கழற்றி உதறியபோது துள்ளி விழுந்தது. உங்கள் தங்கை எட்டிப் பார்த்து, “இதென்னங்க?” என்றாள். வாய் சும்மா இருக்காமல், “அணு எரிபொருள்” என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு ஓடினாள். “பிளாஸ்டிக்மா, வெறும் பிளாஸ்டிக்” என்றேன். “பிளாஸ்டிக்குன்னா உங்க முகம் ஏன் இப்படி வெளுத்துக் கிடக்குது?” என்றாள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் உருண்டையை ஒப்படைத்தேன். எங்கே கிடைத்தது என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பரவாயில்லை. கமிட்டி நடவடிக்கைக் குறிப்பில் ‘எரிபொருள் உருண்டை ஒன்று உறுப்பினர் ஒருவரின் இல்லத்திலிருந்து மீட்கப்பட்டது’ என்று எழுதிவிட்டார்கள். அது எப்படியோ ஒரு பத்திரிகைக்குப் போய், ‘கமிட்டி உறுப்பினர் வீட்டில் அணு எரிபொருள்!’ என்று கொட்டை எழுத்தில் வந்துவிட்டது. ‘மாதிரி’ என்ற சொல்லைக் கடைசி வரியில் எறும்பு அளவில் போட்டிருந்தார்கள். எறும்பை யார் படிக்கிறார்கள்?

எங்கள் அடுக்குமாடி சங்கச் செயலாளர் வந்தார். வாசலுக்கு வரவில்லை, மாடிப்படி திருப்பத்திலேயே நின்றுகொண்டார். “டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக் குப்பையை மட்டும் கொஞ்ச நாளைக்குத் தனியா வைக்க முடியுமா?” என்றார். கிளினிக்குக்கு வரவேண்டிய நோயாளிகள் ஒவ்வொருவராகப் போனில் கழன்றுகொண்டார்கள். ஒரு பெரியவர், “வலியே போயிடுச்சு டாக்டர். பேப்பர்ல உங்க பேரைப் பார்த்ததுமே நின்னுடுச்சு” என்றார். இவ்வளவு சக்திவாய்ந்த சிகிச்சையை என் வாழ்நாளில் நான் செய்ததே இல்லை. நாற்காலி காலியான கதை இதுதான்.

இனி உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அனல்மின் நிலையத்தை மூடிவிட்டு, அதே இடத்தில், இருக்கிற மின்கம்பி வழியையே வைத்துக்கொண்டு சின்ன உலைகளை நிறுவலாம் என்று ஒரு யோசனை. அதற்காக உங்கள் ஊர்த் தொழிற்சங்க மண்டபத்தில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு. நான் நேரே உங்கள் வீட்டுக்கு வந்து அக்கா கையால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போவது என்று இருந்தேன். வேனில் வரும்போதே நீதிபதி என் பக்கம் திரும்பினார். “டாக்டர், நீங்க இந்த ஊர் மாப்பிள்ளையாமே?”

“ஆமாங்க” என்றேன் பெருமையாக.

“மண்டபத்துக்குள்ள போனதும் அதை மறந்துடுங்க. யாரையும் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாது. நாளைக்கு எவனாவது கோர்ட்டுக்குப் போனான்னா இந்த ரிப்போர்ட்டே செல்லாமப் போயிடும்.”

மச்சான், உங்கள் தங்கையைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட எனக்கு இப்படி வேர்க்கவில்லை. மேடையில் உட்கார்ந்தேன். மண்டபம் நிறைய நீலச் சட்டைகள். மூன்றாவது வரிசையில் நீங்கள் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். நீங்கள் கையை உயர்த்தி ஆட்டினீர்கள். நான் இன்னொரு மின்விசிறியைப் பார்த்தேன். அந்த மண்டபத்தில் எத்தனை மின்விசிறி ஓடுகிறது, எத்தனை ஓடவில்லை என்று எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்புறம் நீங்கள் எழுந்து நின்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது. “பழைய பிளாண்ட்டை மூடப்போற வருஷத்தை அறிவிச்சிட்டீங்க. புது உலை எரியப்போற வருஷம் உங்களுக்கே தெரியாது. நடுவுல இருக்கிற வருஷத்துல நாங்க எங்கே போறது?”

நீதிபதி மைக்கை என் பக்கம் தள்ளி, “பொதுமக்கள் கேள்வி, பொதுமக்கள் பிரதிநிதி சொல்லட்டும்” என்று முணுமுணுத்தார். மைக் கீச்சென்று கத்தியது. என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். “ஐயா, தங்கள் கேள்வி குறித்துக்கொள்ளப்பட்டது. தங்கள் பெயர்?”

பின்வரிசையில் ஒருவர், “தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தவர் பேரு தெரியாதாம்ப்பா!” என்று கத்த, மண்டபம் குலுங்கிச் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு கணம் என்னையே பார்த்துவிட்டு, பெயரைத் தெளிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அந்த ஒரு கணம் இருக்கிறதே, மச்சான், அது என்னை இன்னும் குடைந்துகொண்டே இருக்கிறது.

டீ இடைவேளையில் உங்களைத் தேடிக்கொண்டு வெளியே வந்தேன். வராந்தாவில் ஒரு கிரேன் ஓட்டுநர் வழிமறித்தார். “டாக்டரய்யா, கடைவாய்ல ஒண்ணு ஆடுது. ஒரு பார்வை பார்த்துடுங்களேன்.” அணுவைப் பற்றி ஒன்றும் தெரியாமல் மேடையில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தவனுக்கு, தெரிந்த வேலை ஒன்று கிடைத்தால் எப்படி இருக்கும்! டீக்கடையில் ஒரு ஸ்பூனைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி வாங்கிக்கொண்டு, பெஞ்சில் அவரைச் சாய்த்து, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். நிமிர்ந்தால் அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர் என்று வராந்தாவைத் தாண்டி வாசல்வரை வரிசை நிற்கிறது. இடைவேளை முடிந்தும் வரிசை முடியவில்லை. மண்டபத்துக்குள் கம்பெனிக்காரர் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்க, பாதிக் கூட்டம் என் முன்னால் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

மேடையில் மைக்கைப் பார்த்தால் மென்று விழுங்குகிற ஜனங்கள், ஸ்பூனை வெளியே எடுத்ததும் மனதில் இருப்பதை அப்படியே கொட்டிவிட்டார்கள். கிரேன் ஓட்டுநர், “உலைன்னா எனக்குப் பயமில்லீங்க. ஊரே காலியானப்புறம் வந்தா யாருக்கு லாபம்?” என்றார். கேண்டீனில் சமைக்கும் அம்மாள், “கரித்தூசில ஒரு வெள்ளைத் துணி காயப்போட முடியல, அது ஒழிஞ்சா நல்லதுதான். ஆனா ஆள் இல்லாத ஊர்ல யாருக்கு நான் சமைக்கிறது?” என்றார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். “அவசரம்னா ஊரை விட்டு ஓடணும்னு சொல்றாங்க. எங்க ஊருக்கு ஒரே ரோடு. அதுலயும் ரயில்வே கேட்டு. கரி வண்டி வந்துச்சுன்னா அரைமணி நேரம் திறக்க மாட்டான். பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு நான் கேட்டுக்கிட்ட நிக்கிறதா?” கமிட்டியின் தடித்தடியான அறிக்கைகள் எதிலும் அந்த ரயில்வே கேட்டை நான் பார்க்கவில்லை. எல்லோரையும் பார்த்து அனுப்பிவிட்டு உங்களைத் தேடினால், நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். அன்றிலிருந்துதான் இந்த ஓயாத ஷிப்ட்.

கடைசிக் கூட்டம் வந்தது. நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். வேண்டும், வேண்டாம், வேண்டும், வேண்டாம் என்று சரிபாதியாக வந்து என்னிடம் நின்றது. பேராசிரியை என்னைப் பார்க்கிறார், ஏரிக்காரம்மா என்னைப் பார்க்கிறார், கோட்டுக்காரர் வெளியே கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்க்கிறார். ஏசி மட்டும் பாரபட்சம் பார்க்காமல் சொட்டிக்கொண்டிருந்தது.

“டாக்டர், வேணுமா வேண்டாமா? ஒரே சொல்” என்றார் நீதிபதி.

எனக்கு அணு தெரியாது, பல் தெரியும். அதைத்தான் சொன்னேன். “சார், பல்லைப் பிடுங்குற தேதியை மட்டும் சொல்லிட்டு, புதுப் பல் கட்டுற தேதியைச் சொல்லாம விட்டா எந்தப் பேஷண்டும் என்கிட்ட வாயைத் திறக்க மாட்டாங்க. நடுவுல அவங்க எதை வச்சு மெல்லுவாங்க? அதுக்கு இந்த ரிப்போர்ட்ல ஒரு வரி இல்ல. அந்த வரி இல்லாம நான் வேணும்னும் சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன்.”

“இது நம்ம வரம்புக்குள்ள வருமா?” என்று நீதிபதி சட்டப் புத்தகத்தைத் தேட ஆரம்பித்தார். பேராசிரியை, “இது அணுவைப் பத்தின கேள்வியே இல்லையே டாக்டர்” என்று எடுத்த எடுப்பில் சொன்னவர், அறிக்கையின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தார். “ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு இதுதான் முதல் கேள்வி” என்றார். ஏரிக்காரம்மா, “நீ எழுதுடி, இந்த ஒரு பாராவுக்கு நானும் கையெழுத்துப் போடறேன்” என்றார். அந்த ஒரு பாராவுக்காக இருவரும் ஒரு முழு நாள் சண்டை போட்டார்கள். அதில் பாதி நேரம் ஒரு காற்புள்ளிக்காக.

உங்களிடம் ஒளிக்க மாட்டேன் மச்சான், கடைசியில் நான் ‘வேண்டும்’ பக்கம்தான் கை தூக்கினேன். பெண் கொடுத்தவரிடம் சண்டை போட்டாலும் போடலாம், பொய் சொல்லக் கூடாது. கரியை என்றைக்காவது விட்டாக வேண்டும் என்பதை உங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காயும் வெள்ளைச் சட்டைகளே சொல்கின்றன. ஆனால் சும்மா தூக்கவில்லை. புது உலை எரியும்வரை பழைய யூனிட்டுகளைத் தடாலென்று மூடக் கூடாது. டர்பைன்காரர்களுக்கு முதலில் பயிற்சி கொடுத்து அங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் எந்த அடுப்பில் கொதித்து ஆவியானாலும் டர்பைன் டர்பைன்தானே. ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டாமல் அடிக்கல் நாட்டக் கூடாது. கழிவை எங்கே வைப்பார்கள் என்று இடத்தைச் சொல்லாமல் உரிமமே கொடுக்கக் கூடாது. இவ்வளவும் அறிக்கையில் ஏறிவிட்டது. உலையைக் குளிர்விக்கப் போய் ஏரித் தண்ணீர் சூடாவதைப் பற்றி ஏரிக்காரம்மா எழுதிய மறுப்புக் குறிப்பிலும் நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒரே உறுப்பினர் நான்தான் என்று நீதிபதிக்கு வருத்தம். அரசாங்கம் இதையெல்லாம் செய்யுமா என்று கேட்டால், அது எனக்குத் தெரியாது. ஆனால் இனிமேல், அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்கவே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. கேட்டது நீங்கள். ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று நான் சொன்னது மட்டும் பொய்யில்லை, மச்சான். நிஜமாகவே குறித்துக்கொண்டேன்.

ஆகையால், நடுநிலை என்ற பெயரில் உங்களைத் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேனே, ஊருக்கு முன்னால் உங்களை ஐயா என்றேனே, அதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். வேண்டுமானால் அதே மண்டபத்தில், அதே மைக்கில் ‘மச்சான்’ என்று கத்திக் கூப்பிடத் தயார். நீங்கள் ஒரு தடவை போனை எடுத்து, ‘என்ன மாப்ள’ என்றால் போதும். அடுத்த வண்டியில் ஏறி வந்துவிடுவேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் படிப்பிலும் குறும்பிலும் குறைவில்லாமல் வளர என் ஆசிகள். உங்களுக்கும் உங்கள் டர்பைனுக்கும் நீண்ட ஆயுளும் குறையாத அழுத்தமும் அமையட்டும். உங்கள் ரத்த அழுத்தத்தை இதில் சேர்க்கவில்லை.

பதிலை எதிர்பார்த்து, பொதுமக்கள் பிரதிநிதிப் பட்டத்தை இன்றோடு இறக்கிவைத்த,
உங்கள் அன்பு மாப்பிள்ளை.

பி.கு.: கவரை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் தங்கை என்னைக் கூட்டிப்போகக் கிளினிக்குக்கு வந்துவிட்டாள். “யாருக்கு இவ்வளவு நீளமா?” என்று கையிலிருந்து பிடுங்கி நின்றபடியே படித்தாள். படித்து முடித்து, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“அண்ணனுக்குக் கோபமா? யாருங்க சொன்னா? பிளாண்ட் கேண்டீன்ல அதைச் சொல்லிச் சொல்லி மாளலையாம். ‘எங்க மாப்ள எவ்வளவு நேர்மை பாருங்கடா, என்னையே ஐயான்னுட்டாரு’ன்னு ஊரெல்லாம் ஒரே பெருமை!”

“அப்புறம் ஏன் போனை எடுக்கல?” என்றேன்.

எக்ஸ்ரே மிஷினைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். “சொல்ல மாட்டேன்னு அண்ணிக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்” என்றாள். அப்புறம் சொல்லிவிட்டாள். அன்றைக்கு வராந்தா வரிசையில் கடைசி ஆளாக நின்றவர் நீங்கள்தானாமே. வரிசை நகரவில்லை, வலி தாங்கவில்லை என்று எதிர்ப்பக்கம் தெரு முனையில் இருக்கும் பல் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டீர்களாமே. என் குரலைக் கேட்டால் எங்கே உளறிவிடுவோமோ என்று பயந்துதான் இத்தனை ஷிப்டுமாமே!

ஆகவே மேலே நான் கேட்ட மன்னிப்பு முழுவதையும் இதன் மூலம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வருத்தம் இப்போது என் பக்கம் வந்துவிட்டது. நீங்கள் போன் செய்தாலும் நான் ஷிப்டில் இருப்பேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உடனே பதில் போடுங்கள்: அந்த ஆள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தானே பிடுங்கினான்?